பேரம் படியாத பிரிவு

மஞ்சக்குப்பம் கோர்ட்டு வாசல்,
ஜெராக்ஸ் கடை நிழல்.
அஞ்சலாட்சிக்கு விளக்குகிறேன்:
எண்ணூற்றி நாற்பது கிராம். கிலோவுக்குள்.
சட்டத்தின் தராசில் அது சிறிய அளவு.
ஒப்புக்கொண்டு மனுப் போட்டால்
பேசிப் பார்க்கலாம்.
"பேரமா?"
ஆமாம். சட்டத்திலேயே அந்தப் பேர்தான்.

மூன்று வாய்தாவாக இல்லாத தெளிச்சல்
அவள் முகத்தில்.
விடிகாலை நாலு மணிக்கு முதுநகர்த் துறைமுகத்தில்
சங்கராக் கூடையை
இருநூறு குறைத்துத் தூக்குகிறவள்.
"ஜட்ஜய்யா மொதல்ல எவ்ளோ சொல்வார்?
நாம எதுல நிக்கணும்?"
ஏற்கெனவே உள்ளே இருந்த பதினெட்டு நாள் கழியும் என்றேன்.
விரலை மடக்கினாள்.
சில்லறையை எண்ணும் அதே வேகம்.

அடுத்த தாளைத் திருப்ப
எனக்கு ஒரு டீ தேவைப்பட்டது.

சோனாங்குப்பம். தகரக் கதவு. வெளிப்பூட்டு.
உள்ளே தர்ஷித், வயது நாலு.
ஒரு ராத்திரி, ஒரு பகல்,
இன்னொரு ராத்திரியில் பாதி.
பக்கத்து வீட்டு சகாயமேரியின் வாக்குமூலம்:
அழுதப்போ போகல சார்,
அழுகை நின்னப்போதான் போனேன்.
மகஜரில் இருப்பவை:
நனைந்த பாய் ஒன்று,
சாய்ந்த டிரம் ஒன்று,
தரையெல்லாம் பச்சரிசி,
அரிசிக்கு நடுவே பொட்டலங்கள்.

தகவலின் பேரில் சோதனை, என்கிறது போலீஸ்.
டிரம்மைச் சாய்த்தது எந்தத் தகவலும் இல்லை.
பசித்தவன் அரிசியைத் தேடியிருக்கிறான்.
அதை எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை,
நானும்.

எங்கே போயிருந்தாய் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.
பண்ருட்டி என்றாள்.
பாண்டி என்றாள்.
மூன்றாம் தடவை,
"தோழி வீட்டுல. இழுத்துட்டு தூங்கிட்டேன்."

"சரி, இதுக்கு எவ்ளோ?"
இதுக்கு இல்லை.
பதினாலு வயசுக்குள் பிள்ளைக்கு இழைத்த குற்றத்தில்
பேரம் கிடையாது.
அது வேறு பிரிவு.

"பிரிவு" என்றாள்.
அவள் வாயில் அந்தச் சொல்
நம்பரை உதிர்த்துவிட்டு நின்றது.

பிறகு தாழ்ந்த குரலில்,
ஏலக் கூட்டத்தில் பக்கத்து ஆளுக்குக் கேட்காமல் கேட்பதுபோல்:
"கஞ்சாவுக்குக் கூடப் போட்டுக்கச் சொல்லு.
ரெண்டு வருசம், மூணு வருசம்.
இதை மட்டும் எடுத்துடச் சொல்லு."

எட்டு வருஷமாக இந்த வாசலில் நிற்கிறேன்.
தன் விலையைத் தானே ஏற்றிக் கேட்டவர் யாருமில்லை.
சிறிய அளவுக்கு உச்சமே ஒரு வருஷம் அஞ்சலாட்சி.
நீ கேட்கும் மூன்றைக் கொடுக்க
யாரிடமும் இல்லை.

என் பையில் இல்லத்திலிருந்து வந்த அறிக்கை.
ஏழாவது வரி:
சிறுவன் உறங்கும்போது
சட்டைப்பையில் சோறு வைத்துக்கொள்கிறான்.
அதை அவளுக்கு நான் படிக்கவில்லை.
அது கருணையா, கோழைத்தனமா,
வாய்தாவுக்கு வாய்தா மாறுகிறது பதில்.

டவாலி கூப்பிடுகிறான்.
முந்தானையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு
முதல் மனுவில் கையெழுத்துப் போடுகிறாள்.
கோடு சிறியது.
'அஞ்சலா' வரைக்கும்தான் இடம்.
மீதிப் பெயரை
எங்கே எழுதுவது என்று
என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.