இணக்கசபை, சனிக்கிழமை

நீர்வேலிப் பள்ளிக்கூடத்தில்
ஐந்தாம் வகுப்புக் கதிரைகள்
எங்கள் முழங்கால்களுக்குப் பதிவு.
சபை கூட வேறு இடமில்லை.
சுவரில் ஏழாம் வாய்ப்பாடு,
ஏழெட்டு ஐம்பத்தாறின் மேல் ஒரு பல்லி.

பதிவுப் புத்தகம் என்னிடம்.
முறைப்பாட்டாளர், எதிராளி, தொகை, முடிவு.
நாலே நாலு நிரல்.

இருபத்து மூன்றாம் இலக்கம், சீட்டுக்காசு.
யோகாம்பிகை கட்டியது பதினெட்டு மாதம்.
கழிவு போகத் தவக்குலசிங்கம் கொடுத்தாரா
என்பதுதான் கேள்வி.
துண்டு இல்லை. கையெழுத்தும் இல்லை.
வாசலில் நிற்கிற அவருடைய ஓட்டோக் கண்ணாடியில்
'முருகன் துணை',
வெயிலுக்கு 'ன்' மட்டும் உரிந்துபோய்.

"அம்மாளாணை, குடுத்திட்டன்" என்றார்.
அடுத்த கேள்வி கேட்க முன்னமே இன்னொருக்கால்.
பிறகு நல்லூரானை இழுத்தார்.
பிறகு தன் மூன்று பிள்ளைகளின் தலையில்
ஒவ்வொன்றாய்க் கைவைத்தார்,
வெறும் காற்றில், உயரத்துக்கு ஏற்ற மாதிரி.
"வேணுமெண்டா இப்பவே கோயிலுக்கு வாங்கோ,
கற்பூரத்தைக் கொளுத்துங்கோ,
அடிச்சு அணைக்கிறன்."

சொல்வதை எழுதுவது என் வேலை.
இதை எந்த நிரலில் எழுத?
ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டேன்,
நாலு நிமிர்த்தி, ஐந்தாவது குறுக்கே,
சந்தையில் வாழைக்குலை எண்ணுகிற கணக்கு.
பத்தே முக்காலுக்குப் பதினொன்று.

அவரை மட்டும் சொல்வானேன்.
திரும்பி வராத காசுக்குக் கோவிந்தா.
முறிந்துபோன கடைக்கு அரோகரா.
ஒன்றும் செய்யாமல் கிடந்தால்
அது சிவனே என்று இருப்பது.
ஏமாற்றினவன் சாத்துவது நாமம்,
நாமம் என்றாலும் பெயர்தானே.
கரண்ட் போனால் ஐயோ கடவுளே,
வந்தால்
ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.
இளைப்பாறிய தபாலதிபர்,
விலாசம் பிழைத்த கடிதத்தையும்
எப்படியோ சேர்த்துவிடுகிற ஆள்.
"பிள்ளை, நீரும் ஒரு சத்தியம் சொல்லும்.
ரெண்டு பக்கமும் சமனாப் போகும்."

"மாட்டன்."

"பாத்தீங்களே!" தவக்குலசிங்கம் எழும்பியதில்
சின்னக் கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது.
ஒருவரும் சிரிக்கவில்லை.

யோகாம்பிகை மடியில் கிடந்த குடையின் பிடியை
விரலால் துடைத்தாள்.
"தொண்ணூறாயிரம்தானே ஐயா.
எனக்கு இதுக்குப் பிறகும்
அவவோட கதைக்கக் கிடக்கு."

பல்லி சொல்லும் என்று பார்த்தேன்.
அது ஏழொன்பது அறுபத்து மூன்றுக்கு நகர்ந்து
அங்கேயும் பேசாமல் இருந்தது.

நாலாம் நிரலில்: இணக்கம் இல்லை.
அதற்கொரு சான்றிதழ் உண்டு, றப்பர் முத்திரையோடு.
வாங்கி நாலாய் மடித்தாள்,
குடையை விரித்து
மதில் நிழல் இருந்த பக்கத்தை விட்டு
வெயிலாலேயே போனாள்.
எந்த நேரத்தில் கதைப்பாள்?
விளக்கு வைத்த பிறகா, பாத்திரம் கழுவுகையிலா?
கூப்பிட்டுவிட்டு
பதிலுக்குக் கொஞ்சம் நிற்பாளாக்கும்.

ஒரு மணிக்கு நான் யன்னல் சாத்துகையில்
மனைவியின் அழைப்பு.
"வெளிக்கிட்டிட்டீங்களோ? சோறு ஆறுது."
"அம்மாளாணை, கோப்பாய் தாண்டிட்டன்."
மூன்றாவது யன்னலின் கொளுக்கி
அப்போதும் என் கையில்.

புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன்.
பன்னிரண்டாவது கோடு
அவருடைய பதினொன்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது,
கொஞ்சம் சரிந்து.
பென்சில்தான்.
அழிறப்பர் தேடினால்
இந்த வகுப்பில் எந்த மேசைக்குள்ளும் கிடைக்கும்.