இடுப்புக் கல்

சாயல்குடி முகாமில் எடை இயந்திரம்
என்னை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை நடுங்கி
தொண்ணூற்றொன்று என்றது.
"கம்மியா சாப்பிடுங்க. தினம் நடங்க."
டாக்டர் அட்டையைப் பார்த்தே பேசினார்.

என் பேர் நம்புவள்ளி.
நம்பு பேரில் மட்டும்தான்.
விடியுமுன் வள்ளம் ஏறி
உச்சி சாயும்வரை முங்கி முங்கிப் பாசி பறிக்கிறவள்,
தின்பது ஒருவேளைக் கஞ்சி, ஒரு துண்டு கருவாடு
என்றேன்.
வெட்டுப்பட்ட என் விரல்களைப் பார்த்தார்,
வயிற்றைப் பார்த்தார்,
வயிற்றை நம்பினார்.

எங்கள் வள்ளத்தில் ஒன்பது பெண்கள்.
ராக்கு இரண்டு ஆள் சோறு தின்பாள்,
முருங்கைக்காய் மாதிரி இருப்பாள்.
எனக்கு மூச்சு விட்டாலும் சதை.
"ராத்திரி ஒளிச்சு வச்சுத் திங்கிறா" என்பாள்.
எல்லாரும் சிரிப்பார்கள்.
முதலில் சிரித்துவிடுவது நான்தான்.

போன பங்குனியில் ஹுமைரா வந்தாள்,
கீழக்கரைப் பிள்ளை.
படிப்புக்காக நத்தை எண்ணுகிறாளாம்.
மூக்கையூரில் படகேற்றி அடிப்பெயிண்ட் அடிக்கிற இடத்தில்
சேற்றைக் கிளறி
முள்ளுச்சங்கு ஒன்றை உடைத்து
என் உள்ளங்கையில் வைத்தாள்.
"பொட்டைதான்க்கா. ஆனா ஆண் உறுப்பு முளைச்சிருக்கு, பாருங்க."
குண்டூசித் தலை அளவு.
எனக்கு ஏனோ முந்தானையால் அதை மூடத் தோன்றியது.

கொட்டலசு ஒட்டாமலிருக்க
அந்தக் காலத்தில் கப்பலுக்கு அடித்த மருந்தாம்.
தடைபோட்டு வருசமாகிவிட்டது,
சேறுதான் இன்னும் கணக்கை முடிக்கவில்லை.
உடம்பு தனக்குத்தானே அனுப்பிக்கொள்ளும் சேதிகளின் நடுவே
அது ஒரு கள்ளச் சேதியைச் செருகுமாம்:
பஞ்சம் வருகிறது, சேர்த்து வை.
சூலில் அதைத் தின்ற எலியின் குட்டிகள்
மற்றக் குட்டிகள் தின்ற தீனியையே தின்று
கூடுதலாகக் கொழுத்தன என்றாள்.

வலிநோக்கத்தில் கப்பல் உடைத்த காலத்தில்
என் அம்மா அடித்தகட்டில் பெயிண்ட் சுரண்டினாள்,
என்னை எட்டு மாதம் சுமந்துகொண்டு.
பச்சையும் சிவப்புமாகத் துப்புவாளாம்.
சொன்னேன்.
ஹுமைராவின் பேனா நின்றது.
"அதனாலதானா?"
"இருக்கலாம்க்கா."
ஒரு அலை வந்து திரும்பியபின்
"இல்லாமலும் இருக்கலாம்."

இருக்கலாம்.
நாற்பத்தொரு வயதில்
என் உடம்பைப் பற்றி முதல்முறை கேட்கிறேன் அந்த வார்த்தையை.
மற்ற எல்லாருக்கும் உறுதியாகத் தெரிந்திருந்தது:
பெண் பார்த்துவிட்டுக் காபியோடு எழுந்துபோன
சிக்கல் ஊர்க்காரர்களுக்கு,
அளவெடுக்கும்போது டேப்பை இரண்டுதரம் உதறுகிற நவநீதத்துக்கு,
பேருந்தில் நான் உட்கார்ந்ததும்
நின்றுகொண்டே பயணம் போன கண்ணாடிக்காரருக்கு.

அன்றைக்குக் கரைக்கு டீ வந்தது
கொதிக்கக் கொதிக்க
பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டு.
ஹுமைரா பையையே பார்த்தாள்.
என்னவோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.
இங்கே வேறெதில் வரும்?
பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக் குடித்தோம்.
அவளும்தான்.

சதை மிதக்கும்.
ராக்கு சரிந்தாலே இறங்கிவிடுவாள்,
என்னைத் தண்ணீர் திருப்பி அனுப்பிவிடும்.
அதனால் இடுப்பில் ஒரு கல் கட்டியிருக்கிறேன்,
இரண்டரைக் கிலோ.
முகாமுக்கு அதையும் கட்டிக்கொண்டே போயிருக்கலாம்.
அட்டையில் பேர், வயது, எடை உண்டு.
கடலுக்குக் கட்டம் இல்லை.

காலில் தகடு மாட்டி முங்குகிறேன்.
கீழே கஞ்சிப்பாசிக்கு ஓரமாக
ஒரு முள்ளுச்சங்கு
தன் வீட்டை இழுத்துக்கொண்டு போகிறது.
பொட்டையா என்று பார்க்க நேரமில்லை.
இருக்கிற மூச்சு
பாசிக்கே பற்றாது.