நாலாம் எண் முதுகு

முகம் எப்படி என்று கேட்டால் சரியாகச் சொல்ல வராது.
முதுகென்றால் வரைந்தே காட்டுவேன்:
இடத்தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும்,
கழுத்து மடிப்பில் வேர்க்குரு,
துவைத்துத் துவைத்து உரிந்துபோன நாலாம் எண்.
ஆறு மாதம் அதற்குப் பின்னால் நின்றவன் நான்.
கோல்கீப்பர்.

பகலில் ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலை,
மாலையில் செவ்வாய்ப்பேட்டை யுனைடெட்.
என் கையுறைக்குள் எப்போதும் கொஞ்சம் மாவு.

ஸ்பிக்னியெவ் வ்ரோனா.
சூரமங்கலம் லாட்ஜ்காரர் மூன்று முறை கேட்டுவிட்டுப்
பேரேட்டில் 'சிபி' என்று எழுதிக்கொண்டார்.
அன்றிலிருந்து சிபி.
வ்ரோனா என்றால் காக்கா என்று
மொபைலில் படம் காட்டிச் சொன்னான்.
காலையில் தோசைத் துண்டை ஜன்னலில் வைத்துவிட்டு
அதையும் தன்னையும் மாறி மாறிக் காட்டுவான்:
சொந்தக்காரனுக்காம்.

பதினேழு வருடம், எட்டு கிளப்.
நிலக்கரி ஊர் ஒன்றில் தொடக்கம்,
இரண்டாம் டிவிஷன், பிறகு மூன்றாம் டிவிஷன்,
ஒரு பனிக்காலத்துக்கு மட்டும் சைப்ரஸில் கடன் ஆள்,
முழங்காலில் கத்தி, ஒரு வருடம் வெற்றுக் கட்டம்,
மறுபடி மூன்றாம் டிவிஷன்.
கோல்கள்: இரண்டு.
முப்பத்தாறு வயதில்
வெள்ளிப்பட்டறை தெய்வசிகாமணி வீடியோ பார்த்து வாங்கினார்.
வீடியோவில் இருந்தவை இருபத்தைந்து வயதுக் கால்கள்.

மாக்னசைட் குன்றைக் கடக்கையில் பஸ்ஸில் எழுந்து நின்றான்.
சுரங்கமா? வெள்ளையாகவா?
அவன் அப்பா இருமிய நிறம் எதுவென்று
என் தலைமுடியைத் தொட்டுக் காட்டினான்.

ஏற்காட்டுச் சாலையில் ஓட்டப் பயிற்சி.
பதினோராம் கொண்டை ஊசியில் அவன் முழங்கால் மறுத்துவிட்டது.
பையன்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள்.
எனக்கு முந்த மனம் வரவில்லை, பின்னாலேயே நடந்தேன்.
அங்கும் முதுகுதான்.

புறமுதுகு இழுக்கு என்று பள்ளியில் படித்தோம்.
அதைச் சொன்னவர்கள் எல்லாம் எதிரே நின்றவர்கள்.
காக்கப்பட்டவனிடம் யாரும் கேட்கவில்லை.

களத்தில் எங்களுக்கு இரண்டே சொற்கள்.
'மோயா', என்னுடையது. அவன் தந்தது.
'விடு', நான் வருகிறேன். நான் தந்தது.
ஒன்பது ஆட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது,
கடைசி ஆட்டத்தின் எண்பத்தெட்டாம் நிமிடம் வரை.

ராசிபுரத்துப் பையன் தூக்கியடித்த பந்து,
கஞ்சமலைப் பக்கத்துக் காற்று,
காந்தி ஸ்டேடியத்தில் யாரோ மேளம் கொண்டுவந்திருந்தார்கள்.
நான் கோட்டை விட்டு வெளியே வந்தேன்,
இரண்டு அர்த்தத்திலும்.
அவன் எகிறினான்.
தலையில் பட்ட பந்து என்னைத் தாண்டி,
ஒரு அவசரமும் இல்லாமல்,
சந்தைக்குப் போகிற மாதிரி உருண்டு போனது.

அப்போதுதான் திரும்பினான்.
முகம்.
புருவத்தில் தையல் இருந்தது, அதுவரை தெரியாது எனக்கு.

"விடுன்னு கத்துனேன் சார், அவனுக்குத்தான் கேக்கல,"
கோச்சிடம் சொன்னேன், அவனை வைத்துக்கொண்டே.
அவன் காதைத் தட்டி, மேளம் இருந்த திசையைக் காட்டினான்.
காலைப் பேப்பரில் நாலு வரி:
போலந்து வீரரின் சேம்சைடு கோல்.

நான் கத்தவே இல்லை.
'வி' வந்தது.
'டு' வரவில்லை.

இரண்டு மாதச் சம்பளப் பாக்கிக்கு
அவன் மகளுக்கு ஒரு ஜோடி கொலுசு கொடுத்தார் தெய்வசிகாமணி.
ஜங்ஷனில் அவன் அதைக் காதோரம் குலுக்கிப் பார்த்துப்
பூட்ஸுக்குள் வைத்தான்.

அவனுடைய வாழ்க்கை இணையத்தில் ஒரு பட்டியலாக இருக்கிறது.
கடைசி வரி: சேலம், ஆட்டம் ஒன்பது, கோல் சைபர்.
சேம்சைடு கோலுக்கு அதில் கட்டமே இல்லை.
தேடிப் பார்த்துவிட்டேன்.

ரயில் வந்ததும் பெட்டியைத் தூக்கப் போனேன்.
சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.
என் கையை மெல்ல எடுத்துவிட்டு
"மோயா" என்றான்.

பெட்டியைத்தான் சொல்லியிருப்பான்.

படியேறினான்.
இடத்தோள் ஒரு விரற்கடை தாழ்ந்து.