சிலிப்பர்

எங்கள் வீட்டில் குளியலறைக்குள்தான்
செருப்புப் போட வேண்டும்.
வாசலில் கழற்றிவிட்டு வருகிறவர்கள்
இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஆயர் ஈத்தாம், பதினோராம் மாடி.
வாடகைக்கு வந்தபோதே சுவரில் இருந்தது ஹீட்டர்,
தேநீர்க் கறை படிந்த பல்லின் நிறத்தில்.
முதல் வாரமே ஷவர் குழாய் என் விரலைக் கடித்தது.
பலமாக இல்லை.
பூனைக்குட்டி விளையாட்டாய்க் கவ்வுமே, அப்படி.
'ரப்பர் சிலிப்பர் போட்டுக்கோ, ஒன்னும் செய்யாது'
என்றார் குகநேசன்.
ஒன்றும் செய்யவில்லை.
ஆறு வருஷம்.

நீலத்தில் ஒரு ஜோடி, எல்லார் காலுக்கும் பெரிசு.
சுங்கைப் பட்டாணியிலிருந்து நாத்தனார் வந்தால்
துண்டு கொடுப்போம், சோப்பு கொடுப்போம்,
சிலிப்பர் கொடுப்போம்.
எதற்கென்று அவரும் கேட்டதில்லை.
அவர் வீட்டில் இரண்டு முள் பிளக்கை நுழைக்க
மேல் ஓட்டையில் சத்தேக் குச்சி செருகியிருக்கிறது.
யார் யாரைக் கேட்பது?

வார் அறுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
யாழிசை வெறுங்காலோடு போனாள்.
கத்தினாளா என்று இப்போது சரியாக நினைவில்லை.
குவளை உருண்ட சத்தம் மட்டும்.
கதவைத் தள்ளினேன்.
மூலையில் ஒடுங்கி, வலக்கையை இடக்கையால் பிடித்தபடி,
'அம்மா, தண்ணி என்னை உதறுது.'

ஞாயிறன்று வந்த ஆ ஹோக்
மெயினை அணைத்து, மூடியைக் கழற்றி,
என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.
பச்சையும் மஞ்சளுமாய் ஒரு வயர்
சுவருக்குள்ளிருந்து வந்து, எதிலும் சேராமல்,
நுனியில் கறுப்பு டேப் சுற்றி
அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.
யாரோ நிதானமாகச் செய்த வேலை.
மண்ணுக்குப் போகவேண்டிய கம்பி
போகாமல் நின்ற இடத்தில்
நாங்கள் போய் நின்றிருக்கிறோம்,
தினமும், ஈரத்தோடு.

பிறகு மெயினைப் போட்டு
பெட்டிக்குள் ஒரு சின்னப் பொத்தானை அழுத்தினார்.
விழவேண்டிய சுவிட்ச் விழவில்லை.
மறுபடி அழுத்தினார்.
மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லி
அதன் பக்கத்திலேயே எழுதியிருந்தது.
தீபாவளிக்குத் தீபாவளி
அந்த எழுத்தை நான்தான் துடைத்து வைத்திருந்தேன்.

எல்லாம் மாற்ற, கூலியோடு அறுநூற்று எண்பது வெள்ளி.
பாதி தருவதாக வீட்டுக்காரர் சொன்னார்.
சொன்னதுதான்.

பழசைக் கீழே குப்பைத் தொட்டியருகே வைத்தேன்.
காலையில் அது அங்கே இல்லை.
'பழைய சாமான்காரன் எடுத்திருப்பான், விடேன்.'
இருக்கலாம்.
சுத்தியலால் ஒரு போடு போட்டுவிட்டு
வைத்திருக்கலாம் நான்.

லிஃப்டில் இப்போதெல்லாம் யார் ஏறினாலும்
காலைத்தான் முதலில் பார்க்கிறேன்.
எல்லார் காலிலும்
சிலிப்பர்.