நாற்பது கல் குறை

பத்துக்குப் பத்து அறை.
தெற்கே இரண்டடி, மேற்கே இரண்டடி
சுவரைத் தள்ளிக் கட்டினோம்,
கருங்கல் சந்தைக்குப் பின்னால்,
சொசைட்டிக் கடனில்.

ஓரடிக்கு ஓரடி டைல்ஸ்.
பத்தின் வர்க்கம் நூறு, இரண்டின் வர்க்கம் நாலு,
நூற்றிநாலு என்று
பால் கணக்குச் சீட்டின் முதுகில் எழுதி
தொடுவெட்டிக் கடைக்கு ஃபோன் செய்தது
நான்தான்.
இருபத்தோரு வருடமாய்
பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற நான்.

தாசையன் நூறையும் பதித்தார்.
மிச்சம் நாலைக் கன்னிமூலையில்
சதுரமாய் வைத்து
தள்ளி நின்று பார்த்தார்.
பீடி காதிலேயே இருந்தது.
"டீச்சரே, மூல வந்தாச்சு.
மூலைக்குப் போற வழிதான் இல்ல."

பத்துக்கு இரண்டாய் ஒரு பட்டை படுத்திருந்தது,
இரண்டுக்குப் பத்தாய் ஒன்று நின்றிருந்தது,
இரண்டும் வெறும் சிமெண்ட்.
நூறு கரை.
நாலு, கடலுக்குள் பாறை.
முனையில் படகுக்கு வரிசை நிற்கிறவர்களைக் கேட்டால்
சொல்லியிருப்பார்கள்
நடுவில் என்ன இருக்கிறதென்று.

கலவை குழைக்கிற ஷிபு
சட்டியைப் பார்த்தபடியே முணுமுணுத்தான்:
"டூ ஏபி, டீச்சர்."
அவனுக்கு அந்த வருடம்
நான் போட்டது முப்பத்தொன்று.

மறுபடி நாற்பது வந்தது.
அதே கம்பெனி, அதே பெயர், வேறு லோடு.
முதலில் வந்தது
கட்டஞ்சாயாவில் ஒரு கரண்டி பால் விட்ட நிறம்.
இது ஒன்றரைக் கரண்டி.
வெயிலில் தெரியாது.
மழை மூடி, பகலிலேயே டியூப்லைட் போட்டால்
அறை தன் சூத்திரத்தை
அப்படியே விரித்துக் காட்டும்.

டிசைனா என்கிறார்கள் வருகிறவர்கள்.
ஆமாம் என்கிறேன்.
நாத்தனார் மட்டும் கேட்கவில்லை,
எண்ணிப் பார்த்தாள்.

ஏப்ரலில் நாகர்கோவிலில் விடைத்தாள் முகாம்.
பெயரில்லாத, எண் மட்டுமுள்ள ஒரு பிள்ளை
பென்சிலால் ஓரம் கீறி
முத்துமுத்தாய் எழுதியிருந்தது:
எக்ஸ் கூட்டல் மூன்று, முழுவதும் வர்க்கம்,
சமம், எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஒன்பது.
அந்தக் கூட்டல் குறியை
இரண்டு பக்கமும் நெருக்கிப் போட்டிருந்தது,
இடையில் இனி யாரும்
வந்துவிடக் கூடாது என்பது போல.

மதிப்பெண்ணைக் குறைத்தேன்.
குறைக்காமல் என்ன செய்ய,
ஆறு எக்ஸ் ஆறு எக்ஸ்தான்.
ஆனால் பேனாவை எடுக்கத் தாமதித்ததில்
அந்த இடத்தில் சிவப்பாய்
ஒரு பொட்டு ஊறிவிட்டது.
மேற்பார்வையாளர் அது என்ன என்றார்.
மை கசிகிறது சார் என்றேன்.

இப்போதும் ராத்திரி
தண்ணீர் குடிக்க எழுந்தால்
விளக்குப் போடுவதில்லை.
பின்னால் வந்த நாற்பதும்
முன்னதைவிட அரை நூல் உயரம்.
பெருவிரல் தட்டும்.
இரண்டடி தாண்டினால்
மறுபடி இறங்கும்.