தொடக்கம் முதலே செல்லாது

தீர்ப்பு வந்த மறுநாள்
மின்விசிறிகளை எண்ணச் சொன்னார்கள்.
எட்டு. அதில் ஒன்று சுற்றாது.
வாடகை நாற்காலி அறுபத்திரண்டு.
ஆணையத்தின் முத்திரை ஒன்று, ஓரத்தில் ஈர மையோடு.
கழிவறைச் சாவி இரண்டு.

நான் சுருக்கெழுத்தர், ரொசெண்டோ பனாலிகன்.
மணிலாவில், பாசிக் ஆற்றின் வாடை
படியேறி வரும் மூன்றாம் மாடியில்
ஏழு மாதம் உட்கார்ந்து எழுதினேன்,
காணாமல் போனவர்களின் வீட்டார் பேசியதை.
விம்மலுக்குச் சுருக்கெழுத்தில் குறி கிடையாது.
ஒரு சிறு கோடு போட்டுக்கொள்வேன்.
சில பக்கங்களில் கோடுகள்தான் அதிகம்.

அதிபர் ஒருநாள் காலையில் கையெழுத்திட்டார்,
ஆணையம் பிறந்துவிட்டது.
பத்திரிகையில் படம்: பேனா, கை, பல் தெரியும் சிரிப்பு.
சட்டம் கேட்டு யாரும் அவைக்குப் போகவில்லை.
அவசரம் என்றார்கள்.
அவசரம்தான்,
சாட்சிகள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பதுக்கு ஆறு.
இருக்கிற அலுவலகத்தை அதிபர் இடம் மாற்றலாம்,
இரண்டை ஒன்றாக்கலாம்,
இல்லாத ஒன்றைப் படைக்க
அவருடைய பேனாவில் மை இல்லை
என்று நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில்
இதைவிடக் கனமான சொற்களில் எழுதியிருந்தது.
கடைசி வரி:
தொடக்கம் முதலே செல்லாது.

அப்படியென்றால் இந்த இடத்தை மூடவில்லை.
இது இருந்ததே இல்லை.
இருந்தே இராத அலுவலகத்தின்
சுற்றாத மின்விசிறிக்கு நேரே
நான் கையொப்பம் போட்டுக்கொண்டிருந்தபோது
ஹெர்மினியா அபுயென் வந்து நின்றார்.

சாமாரிலிருந்து படகு, பிறகு இரவெல்லாம் பேருந்து.
நாற்பத்தொன்றாம் சாட்சி.
செவ்வாய், காலை பத்து மணி:
அழைப்பாணையை நீட்டினார்,
மடிப்பில் கருவாட்டு வாசம்.

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டேன்.
தீர்ப்பைச் சொன்னேன், முடிந்தவரை எளிதாக.
அழுவார் என்று நினைத்தேன்.
அவர் கேட்டார்:
"நாளைக்கு அவர் வேறொன்று உண்டாக்க முடியாதா?"
முடியாது, அம்மா.
"அடுத்து வருகிறவர்?"
அவராலும் முடியாது, அவை சட்டம் போட்டால் ஒழிய.
"எதையுமே?"

பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாள் எடுத்தார்.
கரிப்படி, விளிம்பெல்லாம் செல்லரித்தது.
கணவனைக் கூட்டிப்போன இரவு
வாசலில் விட்டுச்சென்ற ரசீது.
ஆளுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள்.
மேலே ஒரு பெயர்: சிறப்பு விசாரணை வாரியம்.
கீழே: அதிபரின் உத்தரவுப்படி.
நடுவில் சட்டம் ஏதும் இல்லை.

"இதுவும் ஒரே கையெழுத்தில் பிறந்ததுதான்,"
என்றார்.
"அன்றைக்கு ஒன்பது பேர் இருந்திருந்தால்"
என்று தொடங்கி
தண்ணீர் கேட்டார்.

எனக்கு அந்த ஒன்பது பேர் மேல் கோபம் இருந்தது,
இன்னும் கொஞ்சம் இருக்கிறது.
நாற்பது பேர் சொன்னதை எங்கே வைப்பது என்று
தீர்ப்பில் ஒரு வரி இல்லை.
கதவைத் தட்டும் கைக்கும்
கண்ணீர் துடைக்கும் கைக்கும்
ஒரே விலங்கு மாட்டியிருக்கிறார்கள்.
வேறெப்படி மாட்டுவது, தெரியவில்லை.
கை இரண்டும் ஒருவனுடையது.

தம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்:
"அந்த அவை எங்கே இருக்கிறது?"
கேசோன் நகரில்.
இப்போது விடுமுறை, கூட மூன்று வாரம் ஆகும்.
"எந்த ஜீப்னி?"

சொன்னேன். தாளின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தேன்,
மாறவேண்டிய நிறுத்தம், எதிரே இருக்கும் ரொட்டிக்கடை.
அழைப்பாணையைத் திருப்பித் தரவில்லை அவர்,
நானும் கேட்கவில்லை.

பட்டியலுக்குத் திரும்பி மறுபடி எண்ணினேன்.
அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டுவிட்டு
அறுபத்தொன்று என்று எழுதி,
அடித்து,
அறுபத்திரண்டு என்று எழுதினேன்.