கழித்த ஆட்டங்கள்

கான்சாஸ், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று.
ஆறு ஊர் சேர்ந்த பேஸ்பால் லீக்.
அலுவலகம் மருந்துக்கடைக்கு மேலே ஓர் அறை.
தலைவர் டாங்கமன்.
மற்றதெல்லாம் நான்.

ஆட்டம் முடிந்த இரவே
ஸ்கோர் தாள்கள் தபாலேறும்.
சிலதில் கடுகுச் சாஸ்.
ஒன்றில் ஆலங்கட்டி மழை:
எட்டா மூன்றா என்று
ஜன்னலில் பிடித்துப் பார்ப்பேன்.
எவனோ ஒருவனின் ஜூன் மாதம்
அந்த வளைவில் இருக்கிறது.

ஜூலை பதினேழு
மார்லோ கிரீக் வெட்டுக்கிளிகள் அணி
கடையை மூடிவிட்டது.
இரண்டு வாரச் சம்பளம் பாக்கி.
பேருந்தை வங்கிக்காரன் ஓட்டிக்கொண்டு போனான்.
கோதுமை பொய்த்த ஊரில்
ஐம்பது சென்ட் கொடுத்து யார் வருவார்?
கடைசி ஆட்டத்துக்கு நாற்பத்தொரு பேர்;
அதில் ஆறு பேர் எதிரணியின் மனைவிமார்.

டாங்கமன் சுருட்டை எடுக்காமலே சொன்னார்:
"அவர்கள் ஆடிய அறுபத்தொன்றையும் நீக்கிவிடு.
யாருக்கும் லாபமில்லை, யாருக்கும் நட்டமில்லை."
விதி பதினெட்டு. நியாயம்தான்.

நான் கழித்தேன்.
மூன்று நாள், இரண்டு ரப்பர்,
பாவாடை முழுக்கச் சாம்பல் துகள்.
ஒரு பந்தும் வீசாமல்
எட்னா அணி
முதலிடத்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது.

யூசேபியோ லாரினாகா,
கியூபாவிலிருந்து வந்த பத்தொன்பது வயது,
இந்த ஆண்டு அடித்த ஒரே ஹோம் ரன்
மே மாதம், மார்லோ கிரீக்கில்.
இடது வேலி தாண்டி
தானியக் கிடங்குத் தகரத்தில் டமார்.
செய்தித்தாளில் இரண்டு பிரதி கேட்டு வாங்கி
ஒன்றை வீட்டுக்கு அனுப்பினான்.
இப்போது அவன் பெயருக்கு நேரே சுழியம்.
தகரத்தில் பள்ளம் இன்னும் இருக்கும்.
பள்ளத்துக்கு விதி பதினெட்டு தெரியாது.

ஆகஸ்டில் ஒரு தொலைபேசி.
லாயிட் ஃபானன்ஸ்டீல்,
மார்லோ கிரீக் பிட்சர்:
இரண்டு வெற்றி, பதினொரு தோல்வி.
அந்தத் தானியக் கிடங்கிலேயே வேலையாம்.

"என் பதினொரு தோல்வியும் போய்விட்டதாமே, மிஸ் ஹ்ருஷ்கா?"
போய்விட்டது என்றேன்.
சிரித்தான். நல்ல சிரிப்பு,
கடனைத் தள்ளுபடி செய்தவனைப் பார்த்துச் சிரிப்பதுபோல.
பிறகு,
"ஜூன் ஒன்பது, ஏழாவது இன்னிங்ஸ்,
மூன்று பேரை வரிசையாக வெளியேற்றினேனே?"
அதுவும்.
"எறியவே இல்லையா நான்?"
கணக்குப்படி இல்லை.
பின்னால் ரயில் வரும் சத்தம்.
"அப்படியென்றால் இந்தத் தோளை
எந்த லீக்கில் காட்டுவது" என்றான்.
வண்டியில் மூட்டை ஏற்றணும் என்று வைத்துவிட்டான்.

செப்டம்பரில் இறுதிக் கணக்கு.
பேஸ்பாலில் நாலு பந்து தப்பினால்
மட்டையாளன் ஓட வேண்டாம்,
நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம்.
அந்த நடைக்கும் ஒரு பத்தி உண்டு:
பெற்றவை, கொடுத்தவை.
இரண்டும் சமமாக வர வேண்டும்.

பெற்றவை 1,906.
கொடுத்தவை 1,905.

இரவு பதினொன்று வரை தேடினேன்.
கிடைத்தது.
ஜூன் ஒன்பது, ஏழாவது இன்னிங்ஸ்.
அந்த மூவருக்கு முன்னால்
எட்னாவின் கேட்சர் ஒருவன்
நடந்து போயிருக்கிறான்.
கழிக்கும்போது என் கை தாண்டிவிட்டது.

ரப்பர் பக்கத்திலேயே இருந்தது.
கீழே மருந்துக்கடைக்காரர் விளக்கணைத்தார்.

அச்சுக்கு அப்படியே போனது.
டாங்கமன் கூட்டிப் பார்க்கிற ஆளில்லை.
ஐந்து அணிகளின் புத்தகத்தில்
யாரும் எறியாத நாலு பந்துக்கு
ஒருவன்
மட்டையைக் கீழே போட்டுவிட்டு
முதல் தளத்துக்கு
நடந்துகொண்டிருக்கிறான்.